தரையைப் பார்த்து நடந்த வீரன்

தோணிக்காரனைக் கொல்ல வேண்டும் என்று சுவாமிதாஸ் ஒருபோதும் நினைத்ததில்லை. ஏழரை மணிக்குக் கரண்டு போய்விடும் என்பது மட்டும்தான் அவன் நினைப்பில் இருந்தது. கரமனைப் பகுதிக்கு அந்த வருஷம் மின்வெட்டு அந்த நேரத்தில்தான். கோயில் தீபாராதனை மாதிரி, முன்னே பின்னே ஆகாது. ஆனால் கம்ப்யூட்டர் திரையில் ஆற்றங்கரையோரம் நின்ற தோணிக்காரன் அதை அறியாதவனாய்த் தன் தகப்பன் வழிப் பெருமையை இங்கிலீஷில் விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டு முடித்தால்தான் அக்கரைக்கு ஏற்றிப் போவான். பேச்சை ஓட்டிவிடலாம் என்று சுவாமிதாஸ் மவுசைத் தட்டினான். படம் அசையவில்லை. மறுபடியும் தட்டினான். அப்புறம், லிஃப்ட் வரவில்லை என்று பொத்தானைக் குத்திக்கொண்டே நிற்கும் ஆசாமிகளைப் போல ஓயாமல் தட்டினான். அந்த மெஷினுக்கு ஒரு குணம் உண்டு. சொன்னதை உடனே கேட்காது. சொன்ன எதையும் மறக்கவும் செய்யாது. கரண்டு போவதற்குள் ஆட்டத்தைச் சேமித்துவிட வேண்டும் என்ற வெப்ராளத்தில், பதற்றத்தில், படம் உறைந்து நிற்கும்போதே சேவ் பொத்தானையும் ஒரு அழுத்து அழுத்தி வைத்தான்.

பிறகு எல்லாம் வரிசையாக நடந்தது. முதலில் விழுந்த தட்டுகள் தோணிக்காரனின் பேச்சைத் தள்ளிக்கொண்டு போய் முடித்தன. மிச்சமிருந்த தட்டுகள் வந்து சேர்ந்தபோது தள்ளுவதற்குப் பேச்சு இல்லை. ஆட்டத்தில் அவன் ஓட்டிய வீரனின் கையில், சற்று முன் ஆற்று முதலையை விரட்டியபோது உருவிய வாள், உறையில் போட மறந்ததால் அப்படியே இருந்தது. மிச்சத் தட்டெல்லாம் வெட்டாயிற்று. தோணிக்காரன் சேற்றில் விழுந்தான். அவன் விழுந்து முடித்ததும், அதற்காகவே காத்திருந்ததுபோல், ஆட்டம் சேமிக்கப்பட்டதாக ஓரத்தில் ஒரு வரி மின்னியது. கரண்டு போயிற்று.

இருட்டில் பக்கத்து நாற்காலியிலிருந்து அவன் மனைவி ஜெபமலரின் குரல் வந்தது.

"என்ன செய்திய நீங்க?"

"நான் ஒண்ணும் செய்யல்ல. தாணுமாலையனாக்கும் செய்தது."

"சேவ் ஆச்சா?"

"ம்."

"அவன் செத்தப்பெறவா?"

"கரண்டு போவுமேன்னு…"

அவள் எழுந்து போய் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு வந்தாள். சிரிக்கிறாளா என்று அவன் அவள் முகத்தைப் பார்த்தான். சிரிக்கத்தான் செய்தாள், ஆனால் பாதியில் நின்றுவிட்டது. "பாவப்பட்ட மனுசன். அப்பன் கதைய சொல்லிட்டு நின்னான்," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இனி அக்கரைக்கு ஆரு கொண்டு போவா?" என்றாள். ஆட்டத்தைப் பற்றித்தான் கேட்டாள். ஆனால் கேட்டதும் இருவர் பார்வையும் மெழுகுவர்த்திக்குப் போயிற்று.

தாணுமாலையன் என்பது சாலைக் கடைவீதியில் பெயின்ட் கடை வைத்திருக்கும் முதலாளியின் பெயர். சுவாமிதாஸ் அங்கே கணக்கு எழுதுகிறான். ஆட்டத்தைத் தொடங்கியபோது உன் வீரனுக்கு என்ன பெயர் என்று மெஷின் கேட்டது. அவன் கொஞ்சமும் யோசிக்காமல் முதலாளியின் பெயரைக் கொடுத்தான். அன்று பகலில் முதலாளி அவனை வாடிக்கையாளர்கள் முன்னால் வைத்து நாலு வார்த்தை சொல்லியிருந்தார். முதல் வாரத்தில் ஓநாய், எலும்புக்கூடு, ஒரு பெரிய தேள் என்று கண்டதெல்லாம் முதலாளியைப் போட்டுக் கடித்தன. ஒவ்வொரு முறையும் "முதலாளி போயாச்சு" என்று ஜெபமலர் அறிவிப்பாள். அதன் பலன் எதிர்பாராத விதமாக இருந்தது. ராத்திரியெல்லாம் அவரைச் சாகாமல் காப்பாற்றப் பாடுபட்ட பாசத்தில், காலையில் கடைக்குப் போனால் சுவாமிதாசுக்கு அவர் மேல் கோபமே வருவதில்லை. ஒருநாள் "உடம்பு சுகந்தானே முதலாளி?" என்று கேட்டும்விட்டான். அவர் இவனை ஒரு மாதிரிப் பார்த்தார்.

கம்ப்யூட்டர் வாங்கியது ஆட்டத்துக்காக அல்ல. ஜெபமலர் ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டு நர்ஸ். வெளிநாடு போவதற்கான இங்கிலீஷ் பரீட்சைக்கு சி.டி. போட்டுக் கேட்டுப் படிக்க வேண்டியிருந்தது. அதற்காக வினீத் என்கிற பையனிடம் சொல்லி, இருப்பதிலேயே எளிய சாமான்களைச் சேர்த்துப் பூட்டிய மெஷின் அது. பரீட்சை பாஸானதும் சி.டி.களை ஒதுக்கிவைத்தார்கள். அவற்றோடு வினீத் சும்மா கொடுத்த ஆட்டத்தின் சி.டி. மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. மெஷின் இழுக்கிறது என்று போய்ச் சொன்னபோது வினீத் சிரித்தான். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் அது ஓடுவதே அதிசயம் என்றான். பிறகு இரக்கப்பட்டு வைத்தியம் சொன்னான்: தூரக் காட்சியை அடியோடு குறைத்து வை, தூரமெல்லாம் மூட்டமாகும், போகட்டும்; பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனை உள்ளே திருப்பி வை. கடைசியாக, "சேட்டா, மேலே நோக்கண்டா. தாழே நோக்கி நடந்நா மதி," என்றான். வானத்தையும் மலையையும் பார்த்தால் அதையெல்லாம் வரைய மெஷின் திணறும். தரையைப் பார்த்தே நடந்தால் வரைய வேண்டியது கொஞ்சம்தான், ஓட்டம் கிடைக்கும்.

அப்படித்தான் வீரன் தாணுமாலையன், தலைகுனிந்த வீரனானான். வீட்டிலிருந்த ஒரே ஃபேன் மெஷினுக்குப் போயிற்று. மனிதர்கள் இருவரும் சபைப் பத்திரிகையால் விசிறிக்கொண்டார்கள்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. இந்த ஆட்டத்தில் இடது கை நாலு எழுத்துகளை அழுத்தி வீரனை நடத்த வேண்டும்; வலது கை மவுசைப் பிடித்து எங்கே பார்ப்பது, எப்போது வெட்டுவது, எப்போது கேடயம் தூக்குவது என்று முடிவு செய்ய வேண்டும். சுவாமிதாசுக்கு வலது கை பரவாயில்லை. இடது கையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சோறு தின்னும்போது தட்டைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். இரண்டு கையும் ஒன்றாக வேலை செய்ய வேண்டும் என்று வந்தால், வீரன் சுவரில் முட்டிக்கொண்டு நின்று காற்றை வெட்டுவான். இதை ஒரு வாரம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்த ஜெபமலர், நாற்காலியை இழுத்து இடப்பக்கம் போட்டு, "தள்ளுங்க. நான் நடத்துதேன், நீங்க வெட்டுங்க," என்றாள்.

அன்றிலிருந்து அவள் நடந்தாள், அவன் பார்த்தான். முதலில் "முன்ன போ, நில்லு, எடத்த பக்கம் போ, அய்யோ எடத்த!" என்று பஸ் கண்டக்டர் மாதிரி அவன் கத்திக்கொண்டிருந்தான். ஒரு மாதத்தில் கத்துவது நின்றது. அவன் பார்வையைத் திருப்பத் தொடங்கும்போதே அவள் விரல் அந்தப் பக்கம் அழுந்தியிருக்கும். இரண்டு மனிதர்கள் சேர்ந்து ஒரு ஆளாய் நடப்பது எவ்வளவு விசித்திரம் என்று அவனுக்கு சில சமயம் மயிர்க்கூச்செடுக்கும். கல்யாண நாளில் போதகர் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். அப்போது அவன் பிரியாணியை நினைத்துக்கொண்டிருந்ததால் சரியாகக் கவனிக்கவில்லை.

அக்கரை விஷயம் இதுதான். போன மாதம் கொச்சியில் நடந்த இண்டர்வியூவில் ஜெபமலர் தேறிவிட்டாள். அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரி. திங்கட்கிழமைக்குள் ஏஜென்சிக்குப் போன் பண்ணி, வருகிறேன் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடும். புருஷன்மார் பின்னால் வரலாம் என்றார்கள். எப்போது என்று கேட்டால் மட்டும் அவர்களுக்கு வேறு போன் வந்துவிடும்.

சுவாமிதாஸ் இதைப் பற்றி அவளிடம் கேட்காமலில்லை. "அங்க மரச்சீனிக் கெழங்கு கெடைக்குமா பிள்ளே?" என்று கேட்டான். "வெள்ளக்காரன் கால் ஒடிஞ்சா இங்கிலீஷ்லயா கரஞ்சு அழுவான்?" என்று கேட்டான். அவளும் சளைக்காமல் பதில் சொன்னாள், இருவரும் சிரித்தார்கள், சிரிப்பு முடியும்போது கேள்வி காணாமல் போயிருந்தது. ஒரே ஒரு முறை கொஞ்சம் பெருந்தன்மையாக, "உன் இஷ்டம் மலரே. நான் குறுக்க நிக்க மாட்டேன்," என்றான். அது நல்ல வார்த்தை என்றுதான் அவன் நம்பினான். அவள் கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இஷ்டம்னு சொல்லி கைய கழுவாண்டாம்," என்றாள். "அப்பம் போவியா?" என்றதற்கு, "பாப்போம்." அதற்கப்புறம் எப்போது கேட்டாலும் பாப்போம்தான்.

தோணிக்காரன் போனபின் தோணி கிடந்தும் அதை ஓட்ட ஆளில்லை. நீந்தலாம் என்றால் ஆறு முழுக்க முதலை. சுவாமிதாஸ் எப்போதும் ஒரே சேவின் மேலேயே சேமிக்கிறவன். கணக்குப் பிள்ளை புத்தி; ஒரு கணக்குக்கு இரண்டு நகல் இருந்தால் அவனுக்குத் தூக்கம் வராது. ஆகவே திரும்பிப் போகவும் வழியில்லை. ஆட்டத்திலிருந்த வரைபடத்தை இருவரும் குனிந்து பார்த்தபோது, வடக்கே மலைக்கு மேலாக ஒரு கணவாய் தெரிந்தது. அதைத் தாண்டி இறங்கினால் ஆற்றின் மறுகரைதான்.

வெள்ளியும் சனியும் அவர்கள் மலையேறினார்கள். அவளுக்குக் காலை டியூட்டி. அவன் கடையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் மெஷினைப் போட்டு வைத்திருப்பாள். தலைகுனிந்த பயணம் அது. ஆனால் தரை என்று லேசாகச் சொல்லிவிட முடியாது. அடிவாரத்தில் புல் ஒவ்வொன்றும் தனியாக வளைந்தது. ஏற ஏறப் புல் குறைந்து, சரளைக்கல் வந்தது. கல்லிடுக்கில் நீல நிறத்தில் ஒரு பூ, அதன் மேல் சுண்டைக்காய் அளவில் ஒரு வண்டு. வண்டு தன் பாட்டுக்குப் பூவைச் சுற்றிவந்தது. எந்த வீரன் குனிந்து வண்டைப் பார்க்கப் போகிறான்? எல்லோரும் டிராகனைத் தேடிக்கொண்டு தலைநிமிர்ந்து ஓடுவார்கள். எங்கேயோ ஒரு ஊரில் யாரோ ஒருவன், பார்க்க ஆளில்லை என்று தெரிந்தும், உட்கார்ந்து இந்த வண்டுக்குக் கால் வரைந்திருக்கிறான். சுவாமிதாசுக்கு அதை நினைக்க நினைக்க நெஞ்சு நிறைந்தது. ஒரு இடத்தில் தரை மேல் கருப்பாக ஒரு நிழல் மெல்லப் படர்ந்து அவர்களைத் தாண்டிப் போயிற்று.

"மேகமாக்கும்," என்றாள் ஜெபமலர்.

"பாக்கட்டா?"

"நிக்கும் மெஷின். நடங்க."

நடப்பவள் அவள்தான். ஆனாலும் அவனைத்தான் நடங்க என்றாள்.

கணவாயின் வாசலில் ஒரு பூதம் நின்றது. அதன் முகம் எப்படி இருந்தது என்று அவர்களுக்கு இன்று வரைக்கும் தெரியாது. அவர்கள் கண்டது இரண்டு பாதங்கள்: ஆட்டுக்கல் போன்ற விரல்கள், பாசி பிடித்த கணுக்கால், அதற்கு மேல் மூட்டம். சனிக்கிழமை முழுக்க அந்தப் பாதங்கள் முதலாளியை மிதித்தன. கேடயத்தைத் தூக்கு என்று சொன்னால், மிதித்து முடித்த பிறகுதான் கேடயம் எழும்பும். "முதலாளி போயாச்சு" என்று சொல்லிச் சொல்லி ஜெபமலருக்கே அலுத்துவிட்டது. "சவத்த விடுங்க, நாளைக்குப் பாப்போம்," என்று எழுந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து, மீன் கறியும் சோறும் தின்று, ஒரு தூக்கம் போட்டு எழுந்தபின் மறுபடியும் உட்கார்ந்தார்கள். வெளியே துலாமாசத்து மழை இருட்டிக்கொண்டு நின்றது. இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்க வேண்டும். இடிக்காவிட்டால் ஏழரைக்குக் கரண்டு போகும். நாளை திங்கள் என்பதை இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

"இஞ்ச பாருங்க," என்றாள் அவள், பூதத்தின் காலைக் காட்டி. "வலது கால்ல பாரம் குடுக்கான் பாத்தியளா? குதிகால் அமருது. அப்பம் எடது கால தூக்கப் போறான். வார்டில பிளாஸ்டர் எடுத்து முதல்ல நடக்கியவன் இப்படியாக்கும் நடப்பான்."

"அதுக்கு?"

"கால் தூக்கினப்பெறவு அடிச்சா நம்ம மெஷின்ல போய் எத்தாது. குதி அமரும்போ அடிக்கணும். கால் அங்க வரும்போ வாளும் வரும்."

இல்லாத இடத்தில் வெட்டச் சொல்கிறாள். சுவாமிதாஸ் வெட்டினான். குதி அமர்ந்தது, வெற்று வெளியில் வெட்டு, படம் திக்கியது, திக்கல் விட்டபோது, எங்கிருந்தோ வந்த பாதம் சரியாக வாளின் கீழே வந்து நின்று வெட்டு வாங்கியது. "கொள்ளாம்!" என்று அவள் கத்தினாள். அவள் விரல்கள் பின்னே இழுத்தன, பக்கவாட்டில் நகர்த்தின, மறுபடி உள்ளே கொண்டுபோய் நிறுத்தின. அவன் வெட்டினான். பதில் வருமா என்று பார்க்காமல் வெட்டினான். இப்போது இல்லாத, ஆனால் வரப்போகிற காலை வெட்டினான். வாழ்க்கையில் இவ்வளவு நம்பிக்கையோடு அவன் எதையும் செய்ததில்லை. சீட்டுப் போட்டபோதுகூட ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன். ஃபேன் மெஷினுக்குள் இரைந்தது. வியர்வை முழங்கை வழியாக மேசையில் சொட்டியது. கடைசியில் பாதங்கள் ஒரு மாதிரித் தள்ளாடின. விரல்கள் மண்ணைப் பற்றின. பிறகு மூட்டத்துக்குள்ளிருந்து, அவர்கள் பார்த்தே இராத அந்த மீதி உடம்பு மொத்தமும், பக்கத்தில் எங்கோ மலையே சரிவதுபோன்ற ஓசையோடு விழுந்தது.

சேவ் பொத்தானை நோக்கிப் போன அவன் விரலை அவள் தட்டிவிட்டாள். "படம் எளகட்டு."

இளகும்வரை காத்திருந்து சேமித்தான். உயிரோடிருந்த முதலாளி, விழுந்துகிடந்த பூதத்தைச் சுற்றிக்கொண்டு, கணவாய் வழியாக ஏறி உச்சிக்கு வந்து நின்றார். தரையில் பனி மின்னியது. ஒரு அடிக்கு அப்பால் தரை இல்லை, மூட்டம்தான்.

"மேல பாருங்க," என்றாள் ஜெபமலர்.

"நின்னு போவும்."

"நிக்கட்டு."

அவன் கை தயங்கியது. அவள் அவன் கைக்கு மேல் தன் கையை வைத்து மவுசை நகர்த்தினாள். அமைப்புகளைத் திறந்து, வினீத் சொல்லி இவர்கள் அடியோடு குறைத்து வைத்திருந்த தூரக் காட்சியின் கோட்டைப் பிடித்து, மறுகோடி வரைக்கும் இழுத்துவிட்டாள். பிறகு வீரனின் தலையை நிமிர்த்தினாள்.

திரை கறுத்துப் போயிற்று. கரண்டுதான் போய்விட்டது என்று அவன் நினைத்தான். ஆனால் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மெஷினுக்குள் எதுவோ முனகிற்று. முதலில் காலடிப் பாறை வந்தது. அப்புறம், யாரோ பாய் விரிப்பதுபோல், சரிவு விரிந்தது. சரிவில் மரங்கள் இல்லாமலிருந்து, பிறகு இருந்தன. அதற்கும் கீழே ஆறு வந்தது. நாட்கணக்காக அவர்களைத் தடுத்து நிறுத்திய ஆறு, கழற்றிப் போட்ட அரைஞாண் கயிறு அளவுக்குக் கிடந்தது. இந்தக் கரையில் ஒரு அரிசி மணி. அது தோணி. அந்தக் கரையில் வயல்கள், வயல்களுக்கு அப்பால் ஒரு நகரம், அதன் கோபுரங்கள், அதற்கும் அப்பால் கடல். எல்லாம் வந்து முடிந்தபிறகு, கடைசியாக வானம் வந்தது. இத்தனை நாள் நிழலை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்த மேகங்கள் அடுக்கடுக்காக நின்றன. அவற்றின் அடிப்பாகம் மட்டும் சிவந்திருந்தது. இதெல்லாம் மேசைக்கடியில் இருக்கும் அந்தத் தகரப் பெட்டிக்குள் முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. அவர்கள் குனிந்து நடந்த ஒவ்வொரு நாளும் தலைக்கு மேலே இருந்திருக்கிறது.

படம் அசையாமல் நின்றது. அசைய வேண்டும் என்றும் தோன்றவில்லை. சுவாமிதாஸ் வாயைத் திறந்தான். பழக்க தோஷத்தில் நாக்கின் நுனிக்கு ஒரு வேடிக்கை வந்து நின்றது. நல்ல வேடிக்கைதான், அவள் சிரித்திருப்பாள். அவன் பக்கத்தில் பார்த்தான். திரையின் வெளிச்சம் அவள் முகத்தில் சிவப்பாக விழுந்திருந்தது. அவள் அந்த நகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மலரே," என்றான். "எனக்குப் பேடியாக்கும். பயமாக்கும்."

அவள் திரும்பவில்லை.

"நீ போனா இந்த வீட்டில நான் என்ன செய்வேன்னு எனக்கு அறியாது. அதுனாலயாக்கும் நான் சிரிச்சிட்டே கேட்டது. உன் இஷ்டம்னு சொன்னதும் பேடிச்சித்தான்." அவன் திரையைப் பார்க்காமல் அவளைப் பார்த்தான். "இப்பம் நேராட்டு கேக்கேன். என் காரியத்த விடு. உனக்குப் போணும்னு உண்டா?"

தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்கள். தூரத்தில், வலியசாலைப் பக்கம், வானம் ஒருமுறை உறுமியது.

"உண்டு," என்றாள் ஜெபமலர். "இண்டர்வியூ முடிஞ்சு கொச்சியில இருந்து பஸ்ஸில வரும்போதே உண்டு. உங்கள விட்டுட்டுப் போணும்னு இல்ல. ஆனா போணும்."

அவள் இடது கை விசைப்பலகையின் மேல்தான் இருந்தது. நடுவிரல், முன்னே நடப்பதற்கான எழுத்தின் மேல் மெல்ல அமர்ந்து, அழுந்தியது. படம் அசையவில்லை. வீரன் உச்சியின் விளிம்பில், தலைநிமிர்ந்து, சிவந்த மேகங்களுக்கு நேராக நின்றான். மெஷினுக்குள் ஃபேன் இரைந்துகொண்டிருந்தது. சுவாமிதாஸ் எதையும் தட்டாமல், கையை எடுக்காமல், வானத்தைப் பார்த்தபடி காத்திருந்தான்.